பதினொரு பேர் கேட்ட மணி

அத்தியாயம் 5

“ஜென்ஸி, உன் காலுறையைக் கழட்டு” என்றார் லெதரர்.

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். அந்தச் சின்ன ரயில் நிலையத்தில் எங்களைத் தவிர ஒரு கோழியும், கோழியைக் கூடையில் வைத்திருந்த அம்மாளும்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வீட்லயே விட்டுட்டு வந்திருப்பேனே சார்.”

“ஒண்ணு போதும்.”

“ஒண்ணுங்கறதுதான் இன்னும் பயமா இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. துப்பறியும் லெதரர் என்றால் எங்கள் ரெகன்ஸ்பர்க் நகரத்துப் போலீஸ்காரர்கள் கூட எழுந்து நிற்பார்கள், ஆனால் அவர் சிரித்து நான் பார்த்தது நான்கு வருஷத்தில் இரண்டே முறை. அதில் ஒரு முறை நான் மாடிப்படியில் உருண்டபோது. நான் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் டிராம் வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன், அங்கே சம்பளம் ஒழுங்காக வந்தது.

“இங்க என்ஜின் தண்ணி பிடிக்கும். எட்டு நிமிஷம் நிக்கும். கொதிகலன் தலைமேல ஒரு மணி இருக்கும் பாரு, கவுத்து வச்ச சட்டி மாதிரி. ஓட்டுநர் கம்பிய இழுத்தா ஆவியில அடிக்கும். நீ மேல ஏறி, உள்ள இருக்கற சுத்தியல்ல உன் காலுறையைச் சுத்திக் கட்டற. மணி சத்தம் போடக் கூடாது. ஓட்டுநருக்குத் தெரியக் கூடாது.”

“கிராஸிங்ல இன்னொருத்தன் செத்தா?”

“நான் சைக்கிள்ல முன்னாடி போறேன். சிவப்புக் கொடியோட அங்க நிப்பேன்.”

சொல்லிவிட்டுக் கிளம்பியே போய்விட்டார். மனிதருக்கு அவசரம் இருந்தது. இன்னும் நான்கு மணி நேரத்தில் ஒருவனை மண்ணில் போடப்போகிறார்கள், எந்த மண்ணில் என்பதுதான் வழக்கு.

பெரிய வெள்ளியன்று காலையில், ஹிர்ஷெனாவ் ஊர் ஆலை வளைவில், க்விரின் என்ற வண்டிக்காரன் இந்தக் குட்டி ரயிலில் அடிபட்டுச் செத்தான். அங்கே கேட் கிடையாது. ஆலைச் சுவர் பாதையை மறைக்கும், வருகிற ரயில் கண்ணுக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டுதான் கடக்கவேண்டும். அதனால் அந்த வளைவுக்கு முந்நூறு அடி முன்னாலிருந்தே என்ஜின் மணி அடித்தபடி வரவேண்டும் என்பது சட்டம். அன்றும் அடித்தது என்று ஊரில் பதினொரு பேர் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் பிரேக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். பதினொரு பேர் கேட்ட மணியை அவர் வேறு தட்டிப் பார்ப்பானேன்?

மணி கேட்டும் தண்டவாளத்தில் ஏறினான் என்றால் வேண்டுமென்றேதான் ஏறினான். போன இலையுதிர் காலத்தில்தான் மனைவியைப் பறிகொடுத்தவன், காரணத்துக்கும் பஞ்சமில்லை. தற்கொலை என்று எழுதினார்கள். தற்கொலை செய்துகொண்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது என்றார் பங்குச் சாமியார். சுவருக்கு வெளியே, பன்றிக் கொட்டகைப் பக்கம் குழி வெட்டச் சொல்லியாயிற்று. ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அடக்கம். அந்தப் புதன்கிழமைதான் இன்று.

எங்களைக் கூப்பிட்டது அவன் அக்கா வால்புர்கா. ரயில் கம்பெனியில் பெட்டிகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்தவள் நாற்காலியில் உட்காரவேயில்லை.

“அவன் பொண்டாட்டி உள்ள படுத்திருக்கா சார். இவனை வெளிய போட்டா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவரு. அவ பக்கத்துல என் தம்பியப் படுக்க வச்சிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் அன்று ஒரு ஜோக் கூட அடிக்கவில்லை.

ரயில் வந்தது. மூன்று பெட்டி, முன்னால் ஒரு என்ஜின். தண்டவாளம் அவ்வளவு குறுகல், தாண்டப் பெரிய வீரர் யாரும் வேண்டாம், நானே ஒரு தாவில் தாண்டுவேன். பக்கவாட்டில் பித்தளைத் தகட்டில் ‘2’ என்று பளபளத்தது. ஓட்டுநர் ஸெவரின், வெள்ளை மீசைக்காரர், தண்ணீர்க் குழாயைத் தொட்டியில் விட்டுவிட்டு முதுகைக் காட்டி நின்றார். கரி அள்ளுகிறவன் பீருக்குப் போய்விட்டான். நான் மறுபக்கமாகப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். கோழிக்கார அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேலே அடுப்புத் திண்டு மாதிரி சூடு. மணிக்குக் கீழே கையை விட்டேன். சுத்தியல் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அதில் ஏற்கெனவே துணி சுற்றியிருந்தது.

நீராவியில் ஊறி, கரி படிந்து, கல் மாதிரி இறுகிய துணி. அவசரத்தில் கட்டியது இல்லை. மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகி, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. குனிந்து பார்த்தபோது மணியின் உள்விளிம்பில் வார்ப்பிலேயே ஓர் எண் தெரிந்தது. ‘1’.

பக்கவாட்டில் இரண்டு, மணிக்குள் ஒன்று. எனக்குப் புரியவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். துணியைத் தொடாமல் இறங்கி, முதல் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

ஆலை வளைவு வந்தது. ஸெவரின் மணிக் கம்பியை இழுப்பது தெரிந்தது. மணியின் அடியிலிருந்து வெள்ளையாக நீராவி குபுக் குபுக்கென்று வந்தது. சத்தம்? ஒன்றும் இல்லை. தலையணையை அடித்தால் கூட அதைவிடக் கேட்டிருக்கும். கிராஸிங்கில் லெதரர் கொடியோடு சோளக்கொல்லைப் பொம்மையாக நின்றுகொண்டிருந்தார்.

ஹிர்ஷெனாவில் இறங்கியதும், சைக்கிளில் பின்னாலேயே வந்து சேர்ந்த லெதரர் என்னைப் பேசவே விடவில்லை. “முதல்ல சாட்சிங்க. காது ஆறறதுக்குள்ள கேக்கணும்” என்று இழுத்துக்கொண்டு ஓடினார்.

ரொட்டிக் கடைக்காரம்மா கைநிறைய மாவோடு வந்தாள்.

“இப்ப வண்டி வந்துச்சே, மணி அடிச்சுதாம்மா?”

“அடிக்காம? அது அடிச்சப்புறம்தானே ரெண்டாவது தட்டையே வெளிய இழுத்தேன்.”

“நல்லா கேட்டுதா?”

“ஏன், நான் செவிடாட்டம் தெரியறேனா?”

அடுத்தது விடுதிக்காரர். அவர் ஒருபடி மேலே போனார். “இன்னிக்குக் கொஞ்சம் ஓங்கியே அடிச்சான் சார் ஸெவரின். பாவம், அந்தச் சாவுக்கப்புறம் மனுஷனுக்குப் பயம்.”

மூன்றாவது பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர், ஊரிலேயே காது சுத்தமானவர் என்று பெயர். கண்ணை மூடி யோசித்தார். “அடிச்சுது. ஆனா சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்துச்சு. குளிர் காரணமா இருக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெருவில் இறங்கியதும் லெதரர் என் தோளைத் தட்டினார், அது அவர் அகராதியில் கட்டித்தழுவுவதற்குச் சமம்.

“முப்பது வருஷமா தினம் கேட்ட மணி. இப்ப காதே தானா அடிச்சுக்குது. பதினொரு சாட்சியும் காலி! சபாஷ், உன் காலுறை பிரமாதமா வேலை பண்ணியிருக்கு.”

“சார், என் காலுறை என் கால்லதான் இருக்கு.”

நின்றார். நான் சொன்னேன், துணி, முடிச்சு, உள்ளே ஒன்று, வெளியே இரண்டு எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவர் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துவிட்டது.

“அப்ப இது இன்னிக்குக் கட்டினது இல்ல” என்றார். “வா, ஷெட்டுக்கு.”

ஷெட்டில் இரண்டு என்ஜின்கள் நின்றன. ஒன்று இப்போது வந்தது, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று குளிர்ந்து கிடந்தது, அதன் தகட்டில் ‘1’. லெதரர் நேராகப் போய் அந்தத் தகட்டின் திருகாணிகளைத் தடவினார். சுற்றிலும் கரி, திருகாணித் தலை மட்டும் புதுக்காசு மாதிரி மின்னியது.

“ஸெவரின் அண்ணே, இந்தத் தகட்டை என்னிக்கு மாத்தினீங்க?”

கிழவர் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். நான் மேலே ஏறி அந்தத் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்து அவர் கண்ணெதிரே பிடித்ததும் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“வியாழக்கிழமை ராத்திரி. ரெண்டாம் நம்பருக்குக் குழா ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணாம் நம்பர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதோட கொதிகலன் அனுமதி மார்ச் மாசத்தோட முடிஞ்சு போச்சு. பரிசோதகர் ஈஸ்டர் கழிச்சுத்தான் வருவாரு. அதுவரைக்கும் காகிதம் ரெண்டாம் நம்பருக்குத்தான் இருக்கு. பெரிய வெள்ளி அதுவுமா வண்டிய நிறுத்த முடியுமா? தகட்டை மாத்திட்டோம். நாலு திருகாணிதானே சார். எல்லா ஷெட்லயும் செய்யறதுதான்.”

“அப்ப க்விரினை இடிச்சது ஒண்ணாம் நம்பர்.”

“நான் கம்பிய இழுத்தேன் சார்! மாதா சத்தியமா இழுத்தேன். ஆவி வந்தத என் கண்ணால பாத்தேன்…” அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். “எனக்கும் கேட்டுச்சே. அன்னிக்கு மணி எனக்கும் கேட்டுச்சே.”

பன்னிரண்டாவது சாட்சி.

துணி இறுகியிருந்ததைப் பார்த்தால், ஐந்து நாளாக அந்த ஊமை மணி ஊரைச் சுற்றி வந்திருக்கிறது, ஒரு ஜீவனும் கவனிக்கவில்லை. ஆனால் வழக்கு ஜெயித்துவிட்டது! எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது. லெதரர் ஸெவரினிடம் ஷெட்டுக்கு யார் யார் வந்துபோவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் வெளியே கைப்பம்பில் அந்தத் துணியை அலசினேன். சாட்சிப் பொருள் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டாமா? கரி போகப் போக நிறம் வந்தது. நல்ல ஊதா. தவக்காலத்தில் கோயில் சிலுவையை மூடுவார்களே, அந்த ஊதா. ஓரத்தில் பழைய தங்க இழை கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

லெதரர் வெளியே வந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“அதை அடுப்புல போட்டுடு.”

“எதை, இதையா? சார், உங்களுக்கு என்ன ஆச்சு? இது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கற ஆதாரம்!”

“போடுன்னா போடு, ஜென்ஸி. சாமியார்கிட்ட தகடு மாத்தின விஷயத்தையும் சாட்சிங்க விஷயத்தையும் நான் பேசிக்கறேன். நீ அங்க வாயே திறக்காத.”

“யாரு கட்டினதுன்னு தெரிஞ்சுபோச்சா?”

அவர் சாமியார் வீட்டுப் பக்கம் நடந்தார். மணி இரண்டே கால். நான் துணியை அடுப்பில் போடவில்லை. பிழிந்து என் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன். டிராமில் இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான், மேலதிகாரி சொல்லுக்கும் எனக்கும் ஆகாது.

சாமியார் வீட்டில் மேஜைமேல் ஈஸ்டருக்கு மிஞ்சிய பன்றித் தொடையும் முள்ளங்கித் துருவலும் அப்படியே இருந்தன. மனிதர் சாப்பிட்டிருக்கவில்லை. வால்புர்கா மூலையில் கறுப்பு உடுத்தி நின்றாள். இங்கேயும் உட்காரவில்லை. திறந்த ஜன்னலுக்குக் கீழே, சுவருக்கு வெளியே, குழிவெட்டி லோரன்ஸ் வேலையில் இருந்தான். மண் விழுகிற சத்தம் கேட்டது.

லெதரர் சொல்லவேண்டியதை நன்றாகத்தான் சொன்னார். ஊமை மணியை மூன்று பேர் கேட்டதாகச் சாதித்ததையும் சொன்னார். சாமியார் கடைசி வரை கேட்டார்.

“தம்பி, எனக்கு மட்டும் அவனை வெளிய போட ஆசையா? அவனுக்கு ஞானஸ்நானம் குடுத்ததே நான்தான். ஆனா நீங்க சொல்றது இன்னிக்கு மணி அடிக்கலைங்கறது. அன்னிக்கு அடிக்கலைங்கறதுக்கு என்ன இருக்கு? பதினொரு பேரு ஆணையிட்டிருக்காங்க. நாளைக்கு ஆயர் கேட்டா, ரெகன்ஸ்பர்க்லேர்ந்து ஒரு ஆள் வந்து பேசினாருன்னா சொல்வேன்?”

லெதரர், கொலைகாரர்களை வாய்ப்பேச்சில் மடக்குகிறவர், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஊமை நாடகம்? வால்புர்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கவலைப்படாதீங்க” என்றேன். “உங்க தம்பி தானா போய் விழல. இந்தாங்க ஆதாரம். மணிச் சுத்தியல்ல வியாழக்கிழமையிலேர்ந்து இது கட்டியிருந்துச்சு!”

ஊதாத் துணியை மேஜைமேல் விரித்தேன்.

லெதரர் கண்களை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குள் ஏதோ தடுக்கியது. அப்போதும் புரியவில்லை.

சாமியார் துணியைத் தொட்டார். “இது நம்ம கோயில் சிலுவைத் துணியாச்சே. பழசக் கிழிச்சு, பெட்டி துடைக்க வால்புர்காகிட்டதானே…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

வால்புர்கா மேஜையருகே வந்தாள். குனிந்து பார்த்தாள், துணி வாங்குகிறவள் பார்க்கிற மாதிரி.

“நான் ஒண்ணாம் நம்பர்லதானே கட்டினேன்” என்றாள்.



“கோயில் மணிய பெரிய வியாழக்கிழமையே நிறுத்திடறோமே சாமி. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் மணிக்குப் பதிலா புள்ளைங்க மரக்கட்டையத்தானே தட்டிக்கிட்டுப் போகுது. ஆண்டவர் கல்லறையில கிடக்கறப்ப எந்த மணியும் பேசக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. என்ஜின் மணியும் மணிதானேன்னு வருஷா வருஷம் ஒண்ணு கட்டுவேன். ஓடற வண்டியில கட்டுவனா? ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா? நிக்கற வண்டி பாத்துத்தான், நம்பர் பாத்துத்தான் கட்டினேன். ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. சனிக்கிழமை அவுக்கப் போனா துணியக் காணோம். யாராவது எடுத்திருப்பாங்கன்னு வந்துட்டேன்.”

அவள் லெதரரிடம் திரும்பினாள். “ஒண்ணாம் நம்பர் எப்படி சார் ஓடுச்சு?”

“தகட்டை மாத்திட்டாங்கம்மா” என்றார் லெதரர். “நீங்க கட்டினப்புறம், ராத்திரி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்ப அவன் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிய நிறுத்தி, மணி கேக்குதான்னு பாத்திருப்பான். எப்பவும் பாப்பான். கேக்கலைன்னுதான் ஏறியிருப்பான்.”

“ஆமாம்மா.”

“வேணும்னு போகல.”

“போகல.”

அவள் தலையை ஆட்டினாள், ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தாள். எனக்கு அந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால்! ஆனால் மூடிக்கொண்டிருந்தால் க்விரின் சுவருக்கு வெளியே போயிருப்பான். இதைத்தான் லெதரர் ஷெட்டிலிருந்து இங்கே வரும்வரை மென்றுகொண்டே வந்திருக்கிறார். அவராலும் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாமியார் எழுந்து ஜன்னலுக்குப் போனார். “லோரன்ஸ்! அங்க நிறுத்து! உள்ள வந்து வெட்டு, அவன் பொண்டாட்டி பக்கத்துல. பூசையோட அடக்கம். நாலு மணிக்கு வச்சுக்கலாம்!”

“சரி சாமி!” என்று கீழேயிருந்து பதில் வந்தது. “அப்ப இந்தக் குழி? மூடிடவா?”

வால்புர்கா அவரைத் தாண்டிப் போய் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூட வேணாம் லோரன்ஸ்” என்றாள். “எனக்கு இருக்கட்டும்.”

“வால்புர்கா, அப்படிப் பேசாத” என்றார் சாமியார். லெதரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே லோரன்ஸ் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூடுவதா வேண்டாமா என்று யாராவது சொல்வார்கள் என்று எங்களை அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.